ஸ்னோ புளோவர் வாங்குவது: பெற்றோலா, பற்றரியா, வயரா?

ஸ்னோவை அள்ளி வீசும் ஸ்னோ புளோவர் இயந்திரம் வாங்கக் கடைக்குப் போனால் கண் முதலில் போவது பெட்டியில் பெரிதாக அடித்திருக்கும் அகலத்துக்கும் வலுவுக்கும்தான். அவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் டிரைவ்வேயின் கடைசி ஒரு மீற்றரைப் பாருங்கள். நகரசபையின் பிளவ் வண்டி வீதியைத் தள்ளிக்கொண்டு போகும்போது டிரைவ்வே வாசலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகுமே, அந்த இடம். வாங்கும் இயந்திரம் அந்த வரம்பைத் தின்னுமா என்பதில் பாதி முடிவு இருக்கிறது. மீதிப் பாதி, இரண்டு ஸ்னோவுக்கு இடையில் இயந்திரம் எங்கே நிற்கப்போகிறது, அதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்பதில்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ் பக்கத்து இரட்டைக் கார் டிரைவ்வே ஒன்று 6 மீற்றர் அகலம், 8 மீற்றர் நீளம் என்று வையுங்கள். அதில் 15 சென்ரிமீற்றர் ஸ்னோ விழுந்தால் 7.2 கனமீற்றர். கடுங்குளிரில் விழும் உலர்ந்த ஸ்னோ புட்டுமாப் பதத்தில் இருக்கும். கனமீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ, மொத்தம் 720 கிலோ. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும் நாளில் விழுவது களிப் பதம். கனமீற்றருக்கு 250 கிலோகூட வரும். அப்போது அதே டிரைவ்வேயில் கிடப்பது 1,800 கிலோ.

இனி அந்த வரம்பு. 6 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் உயரம் என்றால் 2.4 கனமீற்றர்தான். ஆனால் பிளவ் அழுத்திச் சுருட்டிய ஸ்னோ கனமீற்றருக்கு 400 முதல் 500 கிலோ. அதாவது டிரைவ்வேயின் எட்டில் ஒரு பங்கு இடத்தில் ஏறத்தாழ ஒரு தொன். உலர்ந்த நாளில் முழு டிரைவ்வேயிலும் கிடப்பதைவிடக் கூடுதல். அதற்குள் வீதி மண்ணும் உப்புத்தண்ணீரும் கார்களின் அடியிலிருந்து விழுந்த ஐஸ் கட்டிகளும் கலந்திருக்கும். உப்பில் கரைந்த தண்ணீர் குளிர் கூடியதும் திரும்ப உறைந்து எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கிவிடும். விடிய ஆறு மணிக்குச் சவள் இறங்கிய வரம்பு, வேலை முடிந்து மாலையில் வந்து பார்த்தால் சவளின் நுனியைத் திருப்பி அனுப்பும்.

இந்த வரம்பை யார் அகற்றுகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறு. ரொறன்ரோ மாநகரசபை பல பகுதிகளில் தானே வந்து திறந்துவிடுகிறது. வேறு சில நகரங்களில் முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் மட்டும், அதுவும் குளிர்காலம் தொடங்கமுன் விண்ணப்பித்திருந்தால்தான். உங்கள் நகரசபையின் இணையத்தளத்தில் இதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வரம்பு உங்கள் தலையில் விழாது என்றால் ஆயிரம் டொலர்வரை மிச்சம் பிடிக்கலாம்.

ஊரின் ஸ்னோவும் கணக்கில் வரவேண்டும். ரொறன்ரோவில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 110 முதல் 120 சென்ரிமீற்றர். அதில் பெரும்பாலானவை ஐந்து, பத்து சென்ரிமீற்றர் விழுந்து ஓயும் சின்ன ஸ்னோக்கள். ஜோர்ஜியன் வளைகுடாவின் ஈரக்காற்று கொட்டும் பரி நகரிலும், ஒட்டாவாவிலும், மொன்றியலிலும் அது இரண்டு மீற்றரைத் தொடும். ஆனாலும் 2022 ஜனவரி 17இல் நடந்ததுபோல ரொறன்ரோவின் சில இடங்களில் ஒரே நாளில் 50 சென்ரிமீற்றரைத் தாண்டும் நாளும் வரத்தான் செய்யும். அப்படியான நாளுக்கென்றே பெரிய இயந்திரம் வாங்கவேண்டியதில்லை. அன்று யாருமே வேலைக்குப் போகப்போவதில்லை. மூன்று தடவையாக வழிக்கலாம்.

முதல் கேள்வி எரிபொருள் அல்ல

பெற்றோலா மின்சாரமா என்று கேட்கமுன், ஒற்றைக் கட்டமா இரட்டைக் கட்டமா என்று கேட்கவேண்டும். கடைக்காரரும் இதைச் சொல்வது குறைவு.

ஒற்றைக் கட்ட இயந்திரத்தில் முன்னால் சுழலும் ஆகர் என்ற அள்ளும் உருளை ஒன்றே ஸ்னோவை அள்ளவும் செய்யும், குழாய் வழியாக வீசவும் செய்யும். அதன் றப்பர் பட்டைகள் தரையைத் தொட்டபடி சுழல்வதால் தார் தெரியும்வரை சுத்தமாக வழிக்கும். அந்த உராய்விலேயே தன்னை முன்னால் கொஞ்சம் இழுத்துக்கொண்டும் போகும். அகலம் 18 முதல் 22 அங்குலம். கல்லுப் போட்ட டிரைவ்வேயில் இதை ஓட்டவே கூடாது. ஸ்னோவோடு கல்லையும் சேர்த்து எறியும். இறுகிய வரம்பில் வைத்தால் றப்பர் அதைக் கடிக்காது. இயந்திரம் துள்ளித் துள்ளி மேலே ஏறப் பார்க்கும்.

இரட்டைக் கட்டத்தில் பல்லுவைத்த இரும்பு ஆகர் ஸ்னோவை உடைத்து நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் வேகமாகச் சுழலும் இம்பெல்லர் என்ற விசிறி அதை வாங்கிப் பத்து மீற்றருக்கு மேல் எறியும். சில்லுகளை மோட்டாரே ஓட்டும். ஆகர் தரையைத் தொடாது. இரு பக்கத்திலும் உள்ள சறுக்குக் கட்டைகள்தான் தாங்கும். அதனால் கல்லுத் தரையில் கட்டைகளை 3 சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்த்திவிட்டு ஓட்டலாம். தாரில் அடித்தகட்டுக்கும் தரைக்கும் 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். அந்த இடைவெளிக்கு ஒரு காட்போட் துண்டைத் தகட்டின் கீழ் வைத்து, கட்டைகளைத் தரையில் படவிட்டு ஆணியை இறுக்கினால் சரியாக வரும். இன்ரர்லொக் கல் பதித்திருந்தால் இரும்புக் கட்டைகளைக் கழற்றிவிட்டு பிளாஸ்ரிக் கட்டை போடுங்கள். இல்லாவிட்டால் கோடும் துருக்கறையும் விழும்.

வயரில் ஓடுபவை ஏறத்தாழ எல்லாமே ஒற்றைக் கட்டம். பெற்றோலிலும் பற்றரியிலும் இரண்டு வகையும் உண்டு. வரம்பு முழங்காலுக்குக் கீழே, விழுந்த அன்றே வழிப்பவர், தார்த் தரை என்றால் ஒற்றைக் கட்டம் தாராளம். அதற்கு மேலே என்றால் இரட்டைக் கட்டம். எரிபொருள் அதன் பிறகு.

வயரில் ஓடுவது

வீட்டுப் பிளக் ஒன்றிலிருந்து எடுக்கக்கூடியது 120 வோல்ற், 15 ஆம்பியர். பெருக்கினால் 1,800 வாற். பெட்டியில் என்னதான் எழுதியிருந்தாலும் வயர் இயந்திரம் இதற்கு மேல் போகமுடியாது. ஒரு கார் நிற்கும் டிரைவ்வேயில் 10, 15 சென்ரிமீற்றர் ஸ்னோவுக்கு இது போதும், வரம்புக்குப் போதாது. விலை 200 முதல் 400 டொலர். எடை 15 முதல் 20 கிலோ, ஒரு கையால் கராஜில் மாட்டிவைக்கலாம். ஒயில் இல்லை, பெற்றோல் இல்லை, சார்ஜ் இல்லை. ஐந்து வருடம் மூலையில் கிடந்தாலும் ஆளியை அழுத்தினால் ஓடும்.

இதில் ஆட்கள் பிழைவிடும் இடம் எக்ஸ்ரென்ஷன் வயர். கோடையில் புல்லு ட்ரிம்மருக்கு வாங்கிய 16 கேஜ் வயரைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். 100 அடி நீளமான அந்த வயரில் 13 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறத்தாழ 10 வோல்ற் தொலைந்துவிடும். மோட்டார் மெதுவாகும், மெதுவானால் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சூடாகும். இரண்டு குளிர்காலத்தில் கருகின மணம் வரும். அதே தூரத்துக்கு 12 கேஜ் வயரில் இழப்பு 4 வோல்ற்தான். 50 அடிக்குள் என்றால் 14 கேஜ் போதும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிப்பு என்பதைக் கவனியுங்கள். வெளியில் பாவிக்கக்கூடியது, கடுங்குளிரிலும் வளையக்கூடியது என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண வயர் மைனஸ் 20இல் கம்பிபோல விறைத்துவிடும். இரண்டு வயரைப் பொருத்தி நீட்டாதீர்கள். அந்தப் பொருத்து ஸ்னோவுக்குள் புதைந்தால் மின்கசிவைக் கண்காணிக்கும் ஜி.எஃப்.சி.ஐ பிளக் உடனே துண்டித்துவிடும், துண்டிக்கவும் வேண்டும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது பிரேக்கர் விழுந்தால் இயந்திரத்தைக் குறைசொல்லமுன், அதே சேர்க்கிற்றில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கராஜில் உள்ள இரண்டாவது பிரிட்ஜ், இறைச்சியும் மீனும் நிரப்பிவைத்த டீப் ஃப்ரீசர், இவைதான் பெரும்பாலும் காரணம். பிளக்குக்குப் பக்கத்தில் தொடங்கி வீதியை நோக்கி வேலை செய்யுங்கள். வயர் எப்போதும் பின்னால், வழித்து முடிந்த பக்கத்தில் கிடக்கவேண்டும்.

பற்றரி

பற்றரி இயந்திரங்களில் வோல்ற்றைப் பார்த்து மயங்கவேண்டாம். 40, 56, 60, 80 என்று கூடிக்கொண்டு போகும் இலக்கம், எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்லாது. வோல்ற்றை ஆம்பியர்-மணியால் பெருக்கி வாற்-மணியைப் பாருங்கள். பல பற்றரிகளின் ஸ்ரிக்கரிலேயே அது இருக்கும். 56 வோல்ற் என்று விற்கப்படும் பற்றரியின் சராசரி வேலை அழுத்தம் 50.4 வோல்ற்தான், ஆகவே 7.5 ஆம்பியர்-மணிப் பற்றரியில் உண்மையில் இருப்பது 380 வாற்-மணி அளவு. இரண்டு போட்டால் 760. மோட்டார் 1,200 வாற் இழுக்கும் இலகுவான ஸ்னோவில் அது ஏறத்தாழ 38 நிமிடம் ஓடும். வரம்பில் வைத்து 2,500 வாற் இழுத்தால் 18 நிமிடம். பெட்டியில் போட்டிருப்பது எந்த நிமிடம் என்று சொல்லவேண்டியதில்லை.

பெற்றோலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். ஒரு லீற்றர் பெற்றோலில் இருப்பது ஏறத்தாழ 8.9 கிலோவாற்-மணி. சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். அப்படிப் போயும் ஒரு லீற்றர், அந்த 380 வாற்-மணிப் பற்றரி ஐந்துக்குச் சமம். எனவே பற்றரி வாங்குபவர் கேட்கவேண்டியது ஒன்றுதான்: மோசமான நாளில் என் டிரைவ்வேயும் வரம்பும் ஒரே சார்ஜில் முடியுமா? 50 சதுர மீற்றருக்குள் என்றால் நல்ல இரண்டு பற்றரியோடு முடியும். 100 சதுர மீற்றர், நடைபாதை, பக்கத்து வீட்டு அம்மம்மாவின் வாசல் என்று பட்டியல் நீண்டால் நடுவழியில் நிற்கும். சாதாரண சார்ஜரில் திரும்ப ஏற ஒன்றரை முதல் மூன்று மணித்தியாலம் வேண்டும். ஸ்னோ தொடர்ந்து விழும் நாளில் அந்த இடைவெளி ஒரு பிரச்சினையே அல்ல; ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பவேண்டிய காலையில் அது பெரிய பிரச்சினை.

பற்றரியைக் கராஜில் விட்டுவைக்காதீர்கள். லிதியம் பற்றரிக்குக் குளிரில் இரண்டு குணம். குளிராக இருக்கும்போது தரும் சக்தி குறையும்; அது தற்காலிகம், சூடானதும் திரும்பும். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே இருக்கும் பற்றரியைச் சார்ஜ் பண்ணினால் லிதியம் உலோகமாக உள்ளே படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். நல்ல சார்ஜர்கள் அதைக் கண்டுபிடித்துச் சார்ஜ் ஏற்ற மறுக்கும். அதைத்தான் பலர் 'சார்ஜர் பழுது' என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். பற்றரியும் சார்ஜரும் வீட்டுக்குள், இயந்திரம் கராஜில். வெளியே போகும்போது பற்றரியைக் கையில் கொண்டுபோய் மாட்டுங்கள். முடிந்ததும் கழற்றி உள்ளே கொண்டுவந்து, ஒரு மணித்தியாலம் அறைச் சூட்டில் வைத்துவிட்டுச் சார்ஜில் போடுங்கள்.

ஈர ஸ்னோவில் பற்றரி இயந்திரம் திடீரென நின்றால் பழுதென்று நினைக்கவேண்டாம். மின்னோட்டமோ சூடோ எல்லை தாண்டும்போது உள்ளிருக்கும் கட்டுப்பாடு தானே நிறுத்திவிடும். பெற்றோல் எஞ்சின் என்றால் சத்தம் கனத்து, திணறி, எச்சரித்து நிற்கும். இது சொல்லாமல் நிற்கும். கைபிடியை விட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து, அரை அகலத்தை மட்டும் எடுத்து மெதுவாகத் தள்ளுங்கள்.

விலை: ஒற்றைக் கட்டம் பற்றரியோடு 600 முதல் 1,100 டொலர் அளவு, இரட்டைக் கட்டம் 1,500க்கு மேலே தொடங்கி 3,000ஐத் தாண்டும். இதில் பற்றரிக்கே பெரும்பங்கு. ஏற்கெனவே புல்லு வெட்டும் இயந்திரத்துக்கு அதே கொம்பனிப் பற்றரி வீட்டில் இருந்தால் கணக்கு அப்படியே மாறும். பற்றரி இல்லாத வெறும் இயந்திரத்தை வாங்கலாம், கோடையிலும் குளிரிலும் ஒரே பற்றரி உழைக்கும். பற்றரி இரட்டைக் கட்டம் வாங்கமுன் அதே அகலமான பெற்றோல் இயந்திரத்தின் விலையைப் பார்த்துவிட்டு ஒருநாள் பொறுப்பது நல்லது.

பெற்றோல்

பெரிய டிரைவ்வே, தினமும் வரும் வரம்பு, பரி மாதிரி ஊர் என்றால் பெற்றோல் இரட்டைக் கட்டத்துக்கு இன்னும் ஈடில்லை. 24 அங்குல அகலம், 200 சிசிக்கு மேலான எஞ்சின் ஒரு வீட்டுக்கு நிறையவே போதும். 28, 30 அங்குலம் வாங்குபவர்கள் முதலில் கராஜில் காரை விட்டபிறகு மிஞ்சும் இடத்தை அளந்து பார்க்கட்டும். 80 முதல் 120 கிலோ எடை. சில்லு தானாக ஓடினாலும் திருப்புவது உடம்பால்தான். கைபிடியில் விசையை அழுத்தினால் ஒரு பக்கச் சில்லு விடுபட்டு இலகுவாகத் திரும்பும் வசதி உள்ளதைத் தேடுங்கள். அதற்குக் கூடக் கொடுக்கும் காசு வீண்போகாது. புதிது 1,000 முதல் 2,500 டொலர்.

இந்த இயந்திரங்கள் உழைத்துத் தேய்ந்து பழுதாவதைவிட, சும்மா நின்று பழுதாவதுதான் அதிகம். காரணம், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றர். ஒன்ராறியோவில் விற்கும் சாதாரண பெற்றோலில் பத்து சதவீதம் அளவில் எதனோல் கலந்திருக்கும். எதனோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காபரேற்றரின் அடியில் உள்ள கிண்ணத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பெற்றோல்தான் நிற்கும். அதன் நடுவில் ஊசிமுனை அளவு துவாரமுள்ள பித்தளை ஜெற். ஏப்ரிலில் அப்படியே விட்ட இயந்திரத்தில் இலகுவாக ஆவியாகும் பகுதி கோடை முழுவதும் பறந்துபோக, மிஞ்சியது தேன் நிறத்தில் பிசினாகி அந்தத் துவாரத்தை அடைத்துவிடும். டிசம்பரில் கயிறை இழுத்தால் காற்றைக் குறைக்கும் சோக் போட்டிருக்கும்வரை ஓடும், சோக்கைத் தள்ளியதும் நிற்கும். அல்லது ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சுவாங்கும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: ஜெற் அடைத்திருக்கிறது.

வராமல் தடுக்கச் செலவு மிகக் குறைவு. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு பெற்றோலை மட்டும் வாங்குங்கள். வாங்கிய அன்றே கலனுக்குள் பெற்றோல் பழுதாகாமல் காக்கும் ஸ்ரெபிலைசர் திரவத்தைப் போத்தலில் சொன்ன அளவில் ஊற்றுங்கள். பழுதான பெற்றோலில் பிறகு ஊற்றிப் பயனில்லை. சில காஸ் ஸ்ரேஷன்களில் எதனோல் கலக்காத உயர்ரகம் கிடைக்கும், பம்பில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைப் பாருங்கள். சிவப்புக் கலனை நிரப்பும்போது காரின் டிக்கியிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்து நிரப்பவேண்டும். நிலத்தோடு தொடுகை இருந்தால்தான் நிலைமின் பொறி வராது. கலனை வீட்டுக்குள்ளோ பேஸ்மென்ற்றிலோ வைக்கவே கூடாது. இப்போதைய எஞ்சின்கள் நான்கு வீச்சு. பெற்றோலில் ஒயில் கலக்கவேண்டாம், ஒயிலுக்குத் தனி இடம் உண்டு. குளிருக்கு 5டபிள்யூ-30 சிந்தெற்றிக் பொதுவாகச் சரி. முதல் ஐந்து மணித்தியால ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை, பின்னர் ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் மாற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் வெண்புகை கக்கும்.

ஸ்ரார்ட் பண்ணும் ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் 'ஸ்ரார்ட் ஆகுதில்லை' என்ற முறைப்பாடுகளில் பாதி இதில் ஏதோ ஒன்று விடுபட்டதுதான். பெற்றோல் வால்வைத் திறந்து, சிவப்புத் திறப்பை உள்ளே தள்ளி, வேகத்தை முயல் படத்தில் வைத்து, சோக்கை முழுதாகப் போட்டு, பெற்றோலை உள்ளே தள்ளும் றப்பர் பிரைமரை இரண்டு மூன்று தடவை அழுத்துங்கள். மைனஸ் 15க்குக் கீழே என்றால் இன்னும் ஒன்றிரண்டு. அதன்பின் கயிறு, அல்லது வீட்டு மின்சாரத்தில் வயர் மாட்டி ஸ்ரார்ட் பண்ணும் பொத்தான். பொத்தானை ஒரே பிடியாக ஐந்து பத்து விநாடிக்கு மேல் அழுத்தினால் ஸ்ரார்ட்டர் கருகும்; விட்டு, ஆறவைத்து, திரும்ப அழுத்துங்கள். எஞ்சின் பிடித்ததும் சோக்கைச் சிறிது சிறிதாக ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் சூடாக விடுங்கள்.

இந்தச் சூடாக்கும் வேலை கராஜுக்கு வெளியே. கதவை முழுதாகத் திறந்துவிட்டு உள்ளே ஓடவிட்டாலும் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். கராஜுக்கு மேலேயே படுக்கையறை உள்ள வீடுகள் இங்கே நிறைய.

எந்த வீட்டுக்கு எது

ரவுன்ஹவுஸ், ஒரு கார், கராஜ் பக்கத்தில் வெளிப்பிளக் உண்டு என்றால் வயர். பற்றரிக்கு 700 டொலர் கொடுப்பதற்கு அங்கே காரணம் இல்லை. ஆனால் ஸ்னோவை எறிய உங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்து டிரைவ்வேக்கும் உங்களுடையதற்கும் நடுவில் ஒரு மீற்றர் புல்லுத்தான் என்றால், பத்து மீற்றர் எறியும் இயந்திரம் சண்டையைத்தான் வாங்கித்தரும். வீதியில் எறியலாம் என்று நினைக்கவேண்டாம். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு அனுமதியின்றி வீதியில் ஸ்னோவைக் கொட்டுவதைத் தடைசெய்கிறது.

இரட்டைக் கார் டிரைவ்வே, வரம்பு நடுத்தரம் என்றால் பற்றரி ஒற்றைக் கட்டமும் பெற்றோல் ஒற்றைக் கட்டமும் நேருக்கு நேர் நிற்கும். இங்கே இயந்திரத்தைவிட வீட்டு ஆட்கள்தான் தீர்மானம். பகலில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர் அப்பாவோ அம்மாவோ என்றால், கயிறு இழுப்பதும் சோக் போடுவதும் நடக்காத காரியம். பொத்தானை அழுத்தினால் ஓடும் 25, 30 கிலோ பற்றரி இயந்திரம் நடக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு ஷிஃப்றுக்குக் கிளம்புபவருக்கும் சத்தம் குறைந்த பற்றரிதான் அயலவர் உறவைக் காப்பாற்றும். பராமரிப்பில் கை ஓடாதவர், 'பிறகு பார்ப்பம்' என்று தள்ளிப்போடுபவர், பெற்றோல் பக்கம் போகவே வேண்டாம். இயந்திரத்தைக் கவனிக்கப் பிடித்தவர், கல்லு டிரைவ்வே உள்ளவர், 100 சதுர மீற்றரைத் தாண்டியவர், மின்வெட்டு வரும் ஊரில் இருப்பவர் பெற்றோல் இரட்டைக் கட்டம் எடுக்கலாம்.

ஓட்டும்போது

எது வாங்கினாலும் ஸ்னோ ஓயும்வரை காத்திருக்காதீர்கள். 10, 15 சென்ரிமீற்றர் சேர்ந்ததும் ஒருமுறை ஓட்டிவிட்டால், பிறகு விழுவதும் இலகு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் குழாயைத் திருப்பி, நடுவில் தொடங்கி இரு ஓரத்துக்கும் போங்கள். சூடான கராஜிலிருந்து எடுத்த இயந்திரத்தில் முதல் ஸ்னோ உருகி, பிறகு உறைந்து, உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒரு கால்மணி நேரம் வெளியே நிற்கவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை குறையும். ஈர ஸ்னோ நாளில் ஆகர் கூட்டுக்கும் குழாய்க்கும் சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். ஆகரை முழு வேகத்தில் ஓடவிட்டு நடையை மட்டும் குறையுங்கள். எஞ்சின் வேகத்தைக் குறைப்பவர்களுக்குத்தான் குழாய் அடைக்கிறது. வரம்பில் மேலிருந்து கீழாக, அரை அகலம் அரை அகலமாக எடுங்கள்.

குழாய் அடைத்தால் கையை உள்ளே விடவேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டேன்தானே என்று நினைப்பவர்களின் விரல்கள்தான் போகின்றன. ஸ்னோ இறுகி ஆகரைப் பிடித்திருக்கும்போது பெல்ற்றிலும் இரும்பிலும் இழுவிசை சேர்ந்து நிற்கும். அடைப்பு விடுபடும் கணத்தில், எஞ்சின் ஓடாமலே, இம்பெல்லர் அரைச் சுற்று சுற்றும். விரலைத் துண்டாக்க அது போதும். எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து அல்லது பற்றரியை, வயரைக் கழற்றி, எல்லாம் ஓயும்வரை பொறுத்து, இயந்திரத்தோடு வரும் பிளாஸ்ரிக் கோலால் மட்டும் தட்டி எடுங்கள். அந்தக் கோல் தொலைந்திருந்தால் ஒரு தும்புத்தடிக் காம்பு.

இரட்டைக் கட்டத்தில் ஆகரின் ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் சும்மா இருந்தால் சியர் பின் முறிந்திருக்கிறது. ஸ்னோவுக்குள் புதைந்த விளம்பரப் பத்திரிகைக் கட்டு, கதவடிக் கால்மிதி, ஐஸ் கட்டி ஏதாவது அகப்பட்டிருக்கும். முறியவேண்டும் என்றே மென்மையாகச் செய்த ஆணி அது. அது முறிந்ததால் பல்லுப்பெட்டி தப்பியது. கராஜில் கிடக்கும் ஏதாவது போல்ற்றை அந்த இடத்தில் போட்டால் அடுத்தமுறை முறிவது நூற்றுக்கணக்கான டொலர் பெறும் பல்லுப்பெட்டி. உங்கள் மொடலுக்கான சியர் பின் நான்கைந்து வாங்கிக் கைபிடியில் ஒரு பையில் கட்டிவையுங்கள். இரண்டு பக்கமும் சுற்றாவிட்டால் பெல்ற் கழன்றிருக்கும் அல்லது அறுந்திருக்கும். ஒற்றைக் கட்டத்தில் ஸ்னோ முன்போலத் தூரம் போகவில்லை, தரையில் ஒரு மெல்லிய படை மிஞ்சுகிறது என்றால் றப்பர் பட்டை தேய்ந்துவிட்டது. பல மொடல்களில் பட்டையிலேயே சின்னத் துளை இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டால் மாற்றும் நேரம்.

முடிந்ததும் ஆகரை ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஒட்டிய ஸ்னோவை உதறிவிடுங்கள். அப்படியே கராஜில் விட்டால் மறுநாள் இம்பெல்லர் கூட்டோடு உறைந்திருக்கும். பெற்றோல் இயந்திரத்தில் பெல்ற் எரியும், பற்றரியில் கட்டுப்பாடு துண்டிக்கும். ஏப்ரிலில் பெற்றோல் இயந்திரத்தின் வால்வை மூடி, கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். பற்றரியைப் பாதிக்குக் கிட்டச் சார்ஜில் உள்ளே வையுங்கள்.

பழையது வாங்குவதென்றால்

கிஜிஜியிலும் ஃபேஸ்புக் மார்க்கெற்பிளேஸிலும் வசந்தகாலத்தில் நல்ல பெற்றோல் இயந்திரங்கள் பாதி விலைக்கு வரும். முதல் பெரிய ஸ்னோவுக்கு மறுநாள் அதே இயந்திரத்துக்குப் பேரம் பேசவே முடியாது. பார்க்கப் போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை பொறுத்து, குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்ரார்ட் பண்ணச் சொல்லுங்கள். சோக்கை எடுத்தபிறகு சீராக ஓடுகிறதா என்று சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். நிறுத்தி, திறப்பை எடுத்தபின் ஆகரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமென்றால் பெயரிங் போயிருக்கிறது. நடுவில் உள்ள பல்லுப்பெட்டியின் கீழே ஒயில் கசிந்த கறை இருந்தால் விலை என்னவானாலும் விட்டுவிடுங்கள். சியர் பின் துளைகளில் வெல்டிங் அடையாளமோ சாதாரண போல்ற்றோ தெரிந்தாலும் அப்படியே.

பழைய பற்றரி இயந்திரத்தில் இயந்திரத்தைப் பார்க்கமுன், அதற்குரிய பற்றரி இன்னும் கடையில் விற்கிறதா, என்ன விலை என்று போனில் தேடுங்கள். பற்றரியில் அச்சிட்ட தயாரிப்புத் திகதியையும் பாருங்கள். ஐந்தாறு வருடமான பற்றரியோடு 300 டொலருக்கு வரும் இயந்திரத்துக்குப் புதுப் பற்றரி வாங்க இன்னொரு 400 போகும். அந்தப் பணத்துக்கு உத்தரவாதத்தோடு புதிதே கிடைத்துவிடும்.